கம்ப்யூட்டருக்குத் தேதி தவறினால்

நேற்று வரை கம்ப்யூட்டர் நன்றாக வேலை செய்தது. இன்று காலை சுவிட்சைப் போட்டதும் திரை வந்தது. இன்டர்நெட் இணைப்பும் இருக்கிறது. ஆனால் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஒரே பதில்தான். சிவப்பு நிறத்தில் ஒரு முக்கோணம். அதன் கீழே ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் ஒரு வரி. "யுவர் கனெக்‌ஷன் இஸ் நாட் பிரைவேட்." உங்கள் இணைப்பை மற்றவர்கள் பார்க்கக் கூடும் என்பது அதன் பொருள்.

இதைப் பார்த்ததும் பயம் வரும். வைரஸ் புகுந்து விட்டதோ? வங்கியில் உள்ள பணம் போய் விடுமோ? கம்ப்யூட்டரே கெட்டு விட்டதோ?

பல வீடுகளில் காரணம் மிகச் சிறியது. கம்ப்யூட்டருக்கு இன்று என்ன தேதி என்று தெரியவில்லை. அவ்வளவுதான்.

தேதிக்கும் இன்டர்நெட்டுக்கும் என்ன சம்பந்தம்? இது நியாயமான கேள்வி.

பாஸ் பார்க்கும் கண்டக்டர்

இன்டர்நெட் பக்கங்களைத் திறந்து காட்டும் செயலிக்குப் பிரவுசர் என்று பெயர். தமிழில் உலாவி என்கிறார்கள். குரோம், பயர்பாக்ஸ், எட்ஜ் எல்லாம் பிரவுசர்கள். உலகின் முதல் பிரவுசரை 1990ஆம் ஆண்டு டிம் பெர்னர்ஸ்-லீ என்பவர் எழுதினார். இந்தியாவில் பொது மக்களுக்கு இன்டர்நெட் கிடைத்தது 15 ஆகஸ்ட் 1995 அன்று. அந்தக் காலத்தில் இன்டர்நெட்டில் பெரும்பாலும் படிப்பதுதான் வேலை. பிறகு பணம் கட்டுவது வந்தது. விண்ணப்பம் போடுவது வந்தது. அப்போது ஒரு கவலையும் கூடவே வந்தது. எதிரில் இருப்பது உண்மையில் நம் வங்கிதானா? வங்கி போல வேஷம் போட்ட வேறு ஆளா?

இதைச் சோதிக்க ஒரு ஏற்பாடு உண்டு. இன்டர்நெட்டில் ஒழுங்காக நடக்கும் ஒவ்வொரு பக்கமும் ஒரு சான்றிதழ் வைத்திருக்கும். இன்னார் பெயரில் உள்ள பக்கம், இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை செல்லும் என்று அதில் இருக்கும். இதைக் கொடுப்பதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன. எந்த நிறுவனத்தை நம்பலாம் என்ற பட்டியல் கம்ப்யூட்டருக்கு உள்ளேயோ பிரவுசருக்கு உள்ளேயோ இருக்கிறது. நாம் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது பிரவுசர் முதலில் சான்றிதழைக் கேட்கும். பெயர் சரியா? கொடுத்தவர் நம்பத் தக்கவரா? தேதி செல்லுமா? மூன்றும் சரியாக இருந்தால்தான் பக்கம் திறக்கும். கண் இமைக்கும் நேரத்தில் இது முடிந்து விடும். அதனால் நமக்குத் தெரிவதே இல்லை.

பஸ் பாஸை நினைத்துக் கொள்ளுங்கள். பாஸில் ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை என்று எழுதி இருக்கிறது. இன்று ஜூலை 10. பாஸ் செல்லும். ஆனால் கண்டக்டர் வீட்டு நாள்காட்டியில் பல மாதமாக யாரும் தாள் கிழிக்கவில்லை. அவர் கணக்குப்படி இன்று ஜனவரி 1. அவர் பாஸைப் பார்த்து என்ன சொல்வார்? "இந்தப் பாஸ் இன்னும் தொடங்கவே இல்லை. இறங்குங்கள்" என்பார். பாஸில் குற்றம் இல்லை. பயணி மேலும் குற்றம் இல்லை. கண்டக்டரின் தேதிதான் தவறு.

பிரவுசர் அந்தக் கண்டக்டர். அது தேதியைக் கம்ப்யூட்டரின் கடிகாரத்தைப் பார்த்துத் தெரிந்து கொள்கிறது. கடிகாரம் பல வருடம் பின்னால் போய் விட்டால், எல்லாச் சான்றிதழும் அதற்குப் பொய்யாகத் தெரியும். அதனால்தான் ஒரு பக்கம் மட்டும் அல்ல, ஏறக்குறைய எல்லாப் பக்கமும் ஒரே நாளில் அடைபட்டுப் போகின்றன.

சான்றிதழ்களின் காலமும் வரவரக் குறைந்து வருகிறது. முன்பு சில வருடங்களுக்குச் செல்லும் சான்றிதழ் கிடைத்தது. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற நிறுவனம் இலவசமாகச் சான்றிதழ் கொடுக்கிறது. உலகம் முழுவதும் ஏராளமான பக்கங்கள் அதை வைத்திருக்கின்றன. அது பல வருடங்களாகக் கொடுத்து வந்த சான்றிதழ் 90 நாள்தான் செல்லும். ஆகவே கடிகாரம் சில மாதங்கள் தவறினாலே போதும். பக்கங்கள் திறக்காது.

கடிகாரம் ஏன் தவறுகிறது?

கம்ப்யூட்டரை அணைத்த பிறகும் அதன் உள்ளே ஒரு சிறு கடிகாரம் ஓடிக் கொண்டே இருக்கும். கரண்டு இருக்கும்போது கரண்டில் ஓடும். கரண்டு இல்லாதபோது ஒரு பேட்டரியில் ஓடும். அந்தப் பேட்டரி ஒரு நாணயம் போல வட்டமாக இருக்கும். மேஜைக் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் சி.ஆர். 2032 என்று அதன் மேல் எழுதி இருக்கும். 20 என்பது அகலம். 20 மில்லி மீட்டர். 32 என்பது கனம். 3.2 மில்லி மீட்டர். சக்தி 3 வோல்ட். சில வருடங்கள் நன்றாக உழைக்கும். பிறகு ஓய்ந்து விடும்.

பேட்டரி ஓய்ந்த கம்ப்யூட்டருக்குக் கரண்டு நின்றால், தேதி மறந்து போகும். மறுபடி சுவிட்ச் போட்டதும், அதைச் செய்த காலத்தில் பதிந்து வைத்த ஏதோ ஒரு பழைய தேதியில் இருந்து எண்ணத் தொடங்கும்.

நம் நாட்டு வீடுகளில் இது அடிக்கடி கண்ணில் படுவதற்கு ஒரு காரணம் உண்டு. நம் வீட்டுச் சுவரில் ஒவ்வொரு பிளக்குக்கும் ஒரு சுவிட்ச் இருக்கிறது. இரவு படுக்கப் போகும்போது அதை அணைத்து விடுகிறோம். அது நல்ல பழக்கம்தான். ஆனால் அணைத்ததும் கம்ப்யூட்டருக்குப் பேட்டரியை விட்டால் வேறு துணை இல்லை. சுவர் சுவிட்சை அணைக்காத நாளில் தேதி சரியாக இருக்கும். அணைத்த நாளில், அல்லது இரவு கரண்டு போன நாளில், தேதி தவறும். உங்கள் வீட்டில் இப்படி நடந்தால் சந்தேகமே வேண்டாம். பேட்டரிதான்.

பழைய கம்ப்யூட்டர் வாங்குவோர் நாடு முழுவதும் இருக்கிறார்கள். டில்லியில் நேரு பிளேஸ், பெங்களூரில் எஸ்.பி. ரோடு, மும்பையில் லேமிங்டன் ரோடு, சென்னையில் ரிச்சி தெரு. எங்கே வாங்கினாலும் பழைய கம்ப்யூட்டரில் பழைய பேட்டரி இருக்கலாம். வாங்கும்போதே அதை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். கேட்டால் பெரும்பாலும் மாற்றித் தருவார்கள்.

மும்பை தாராவியில் ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். வீட்டிலேயே தையல் வேலை. மகள் கல்லூரியில் படிக்கிறாள். உதவித் தொகைக்கு விண்ணப்பம் போட அன்றுதான் கடைசி நாள். பக்கம் திறக்கவில்லை. மகள் அழாத குறை. அம்மா பக்கத்துத் தெரு ரிப்பேர் கடைக்கு ஓடுகிறார்.

"தம்பி, கம்ப்யூட்டர் கெட்டுப் போச்சு. எதைத் திறந்தாலும் சிவப்பா ஒரு முக்கோணம் வருது."

"அக்கா, திரையில கீழே வலது ஓரத்துல தேதி இருக்குமே, பாத்தீங்களா?"

"தேதியா? அதை யாருப்பா பாத்தா!"

"ராத்திரி சுவர் சுவிட்சை அணைச்சிட்டுத்தானே தூங்குறீங்க?"

"பின்னே? கரண்டு பில்லு யாரு கட்டுறது?"

"அதான் சங்கதி. வீட்டுக்குப் போய்த் தேதியை மட்டும் மாத்துங்க. பாப்பாவை விண்ணப்பத்தை முடிக்கச் சொல்லுங்க. பேட்டரியை நாளைக்கு மாத்திக்கலாம்."

இப்படிச் சொல்லும் கடைக்காரர் கிடைத்தால் நல்லது. எல்லாரும் இப்படி இல்லை. மதர்போர்டு போய் விட்டது என்று சொல்லி ஆயிரக் கணக்கில் கேட்பவர்களும் உண்டு. எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாக ஏற்றித் தருபவர்களும் உண்டு. அழிக்கும்போது வீட்டில் உள்ள போட்டோக்களும் போய் விடலாம். கடையில் தேதியைச் சரி செய்து கொடுப்பதால் அன்று பக்கம் திறக்கும். வீட்டில் இரண்டு நாள் சுவிட்சை அணைத்ததும் பழைய கதைதான். காசும் போனது, போட்டோவும் போனது, கோளாறு மட்டும் போகவில்லை.

தேதியைச் சரி செய்வது

திரையில் கீழே வலது ஓரத்தில் நேரமும் தேதியும் இருக்கும். முதலில் வருடத்தைப் பாருங்கள். பலர் மணியை மட்டும் பார்த்துச் சரியாக இருக்கிறது என்று விட்டு விடுகிறார்கள். மணி சரியாக இருந்து வருடம் தவறி இருக்கலாம். பிறகு மாதத்தையும் நாளையும் பாருங்கள். சில கம்ப்யூட்டர்களில் மாதம் முதலில் வரும், நாள் பிறகு வரும். அமெரிக்காவில் அப்படி எழுதுவது வழக்கம். ஆகவே 03, 04 என்று இருந்தால் மார்ச்சா ஏப்ரலா என்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

அந்த நேரத்தின் மேல் மவுஸை வைத்து வலது பொத்தானை அழுத்துங்கள். ஒரு சிறு பட்டியல் வரும். அதில் "அட்ஜஸ்ட் டேட் அண்ட் டைம்" என்ற வரியைத் தொடுங்கள். ஒரு பக்கம் திறக்கும். விண்டோஸ் 10, விண்டோஸ் 11 இரண்டிலும் ஏறக்குறைய இப்படித்தான். "செட் டைம் ஆட்டோமேட்டிக்கலி" என்று ஒரு வரி இருக்கும். நேரத்தைத் தானாக வைத்துக் கொள் என்பது அதன் பொருள். கையால் மாற்ற வேண்டுமானால் முதலில் இதை அணைக்க வேண்டும். பிறகு "சேஞ்ச்" என்ற பொத்தானை அழுத்தி, வருடம், மாதம், நாள், மணி எல்லாவற்றையும் சரியாக வையுங்கள். காலையா மாலையா என்பதையும் பாருங்கள். ஏ.எம். என்றால் நள்ளிரவு முதல் நண்பகல் வரை. பி.எம். என்றால் நண்பகல் முதல் நள்ளிரவு வரை.

அதே பக்கத்தில் "டைம் ஸோன்" என்று ஒன்று இருக்கும். எந்த நாட்டு நேரம் என்று அது சொல்லும். அதில் "சென்னை, கொல்கத்தா, மும்பை, நியூ டெல்லி" என்று நான்கு ஊர்ப் பெயர்கள் சேர்ந்து ஒரு வரி உண்டு. அதைத்தான் தேர்ந்து எடுக்க வேண்டும். காஷ்மீரில் இருந்தாலும் அந்தமானில் இருந்தாலும் இதே வரிதான். இந்தியா முழுவதற்கும் ஒரே நேரம். புது டில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் அணுக் கடிகாரங்களை வைத்து இந்த நேரத்தைக் காத்து வருகிறது.

கையால் சரி செய்த பிறகு, "செட் டைம் ஆட்டோமேட்டிக்கலி" என்பதை மறுபடி போட்டு விடுங்கள். "சிங்க் நவ்" என்ற பொத்தானையும் அழுத்துங்கள். அப்போது கம்ப்யூட்டர் இன்டர்நெட் வழியாக வேறு ஒரு கடிகாரத்தைக் கேட்டுச் சரி பார்த்துக் கொள்ளும். அப்படியானால் கையால் எதற்கு மாற்ற வேண்டும்? தேதி வெகு தூரம் தவறி இருந்தால், சில கம்ப்யூட்டர்கள் தானாகத் திருத்திக் கொள்ள மறுக்கும். இவ்வளவு பெரிய வித்தியாசமா, ஏதோ தப்பு என்று நின்று விடும். முதலில் நாம்தான் அருகே கொண்டு போய் விட வேண்டும்.

பிரவுசரை மூடி விட்டு மறுபடி திறங்கள். தேதிதான் காரணம் என்றால் இப்போது பக்கம் வந்து விடும்.

குரோம் பிரவுசர் சில நேரம் இதைத் தானே சொல்லி விடும். "யுவர் கிளாக் இஸ் பிஹைண்ட்" என்று வந்தால் உங்கள் கடிகாரம் பின்னால் இருக்கிறது என்று பொருள். "அஹெட்" என்று வந்தால் முன்னால் இருக்கிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவருக்கு இந்த ஒரு வரி பெரிய உதவி. படிக்காமல் மூடி விடுவதால்தான் பல பேர் அலைகிறார்கள்.

தேதி சரி, ஆனாலும் திறக்கவில்லை

அதே பக்கத்தை ஒரு போனில் திறந்து பாருங்கள். வீட்டு இன்டர்நெட் வழியாக இல்லாமல், போனில் உள்ள சிம் வழியாகத் திறந்து பாருங்கள். அங்கே திறந்தால், கோளாறு கம்ப்யூட்டரில் இருக்கிறது, அல்லது வீட்டு இணைப்பில் இருக்கிறது. அங்கேயும் அதே எச்சரிக்கை வந்தால், கோளாறு அந்தப் பக்கத்தை நடத்துபவரிடம் இருக்கிறது. அவர் சான்றிதழைப் புதுப்பிக்க மறந்து இருக்கலாம். அரசு அலுவலகங்களின் பக்கங்களில்கூட இது நடப்பது உண்டு. நாம் செய்யக் கூடியது ஒன்றும் இல்லை. அவர்கள் சரி செய்யும் வரை காத்திருக்க வேண்டும்.

ரயில் நிலையம், ஓட்டல் போன்ற இடங்களில் உள்ள பொது வைஃபையில் மட்டும் எச்சரிக்கை வந்தால், அந்த இணைப்பை விட்டு விடுங்கள்.

கம்ப்யூட்டர் மிகப் பழையதாக இருந்தாலும் இப்படி ஆகும். 30 செப்டம்பர் 2021 அன்று உலகம் முழுவதும் பல பழைய கம்ப்யூட்டர்களில் திடீரென்று பக்கங்கள் அடைபட்டன. முன்பு சொன்ன லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ்களுக்கு ஆதாரமாக இருந்த ஒரு பழைய மூலச் சான்றிதழின் காலம் அன்று முடிந்தது. அதற்குப் பதிலாக வந்த புதிய மூலச் சான்றிதழ் அந்தப் பழைய கம்ப்யூட்டர்களின் பட்டியலில் இல்லை. அவற்றின் கடிகாரம் சரியாகவே இருந்தது. பட்டியல்தான் பழையது. விண்டோஸ் 7க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் கொடுப்பதை மைக்ரோசாப்ட் 14 ஜனவரி 2020 அன்று நிறுத்தியது. 2023 முதல் புதிய குரோமும் அதில் ஏறாது. விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு 14 அக்டோபர் 2025 அன்று முடிந்தது. இப்படிப்பட்ட கம்ப்யூட்டரில் படம் பார்க்கலாம், பிள்ளைகள் எழுதிப் பழகலாம். வங்கி வேலை வேண்டாம்.

தாண்டிப் போகலாமா?

எச்சரிக்கைப் பக்கத்தின் கீழே "அட்வான்ஸ்டு" என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் "பரவாயில்லை, போகிறேன்" என்ற பொருளில் இன்னொரு வரி வரும். அவசரத்தில் பலர் இதை அழுத்தி விடுகிறார்கள். பக்கமும் திறந்து விடுகிறது. பிறகு அதுவே பழக்கம் ஆகி விடுகிறது. ஆபத்து இந்தப் பழக்கத்தில்தான் இருக்கிறது.

தேதி தவறியதால் வந்த எச்சரிக்கை பொய் எச்சரிக்கை. ஆனால் உண்மை எச்சரிக்கையும் ஏறக்குறைய இதே உருவில்தான் வரும். நமக்கும் வங்கிக்கும் நடுவில் ஒருவன் உட்கார்ந்து கொண்டு நாம் அனுப்பும் பாஸ்வேர்டைப் படிக்க முயன்றால், அப்போதும் இதே சிவப்பு முக்கோணம்தான் வரும். தினமும் தாண்டிப் பழகிய கை அன்றும் தாண்டி விடும். ஆகவே பாஸ்வேர்டு, ஆதார் எண், வங்கிக் கணக்கு, ஓ.டி.பி. இவற்றில் எதையும் கேட்கும் பக்கத்தில் தாண்டிப் போகவே கூடாது. சில வங்கிகளின் பக்கத்தில் தாண்டும் வழியே இருக்காது. அது நம் நன்மைக்குத்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. திடீரென்று திரை முழுவதும் ஒரு அறிவிப்பு வரும். கம்ப்யூட்டரில் வைரஸ் என்று கூவும். சில நேரம் சத்தமும் கேட்கும். "உடனே இந்த எண்ணுக்குப் போன் செய்யுங்கள்" என்று ஒரு எண் இருக்கும். இது பிரவுசரின் எச்சரிக்கை அல்ல. மோசடி. உண்மையான எச்சரிக்கையில் போன் நம்பர் இருக்காது. இந்த வேறுபாட்டை மட்டும் மறக்காமல் வைத்துக் கொண்டால் போதும். போன் செய்தால் எதிரில் ஒருவர் மிக மரியாதையாகப் பேசுவார். ஒரு செயலியை இறக்கச் சொல்வார். அதன் வழியாக உங்கள் கம்ப்யூட்டரைத் தூரத்தில் இருந்து அவரே இயக்குவார். பிறகு பணம் போகும். இந்த அறிவிப்பு வந்தால், ஆல்ட் என்ற பொத்தானையும் எஃப்4 என்ற பொத்தானையும் சேர்த்து அழுத்தி மூடுங்கள். மூட முடியவில்லை என்றால் கம்ப்யூட்டரையே அணைத்து விடலாம். ஏமாந்து பணம் போய் விட்டது என்றால் வெட்கப்பட்டுக் கொண்டு இருக்க வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் சொல்லுங்கள். வங்கிக்கும் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தைத் தடுத்து நிறுத்த அவ்வளவு வாய்ப்பு உண்டு.

பேட்டரியை மாற்றுவது

தேதியை மாற்றுவது அன்றைய வேலையை முடிக்க மட்டும்தான். பேட்டரி ஓய்ந்திருந்தால் அதை மாற்றத்தான் வேண்டும். வாட்ச் கடை, மின் சாமான் கடை எங்கேயும் கிடைக்கும். பெரும்பாலும் நூறு ரூபாய்க்குள் முடிந்து விடும். லேப்டாப் என்றால் கடையில் கொடுப்பதே நல்லது. மேஜைக் கம்ப்யூட்டர் என்றால் வீட்டிலும் செய்யலாம்.

கம்ப்யூட்டரை முறையாக அணையுங்கள். சுவர் சுவிட்சை அணைத்துப் பிளக்கையும் பிடுங்கி விடுங்கள். பெட்டியின் பக்கப் பலகையில் உள்ள திருகாணிகளைக் கழற்றுங்கள். உள்ளே தொடும் முன் பெட்டியின் இரும்புச் சட்டத்தை ஒரு முறை தொடுங்கள். நம் உடம்பில் சிறிது மின்சாரம் தேங்கி இருக்கலாம். அது நமக்குத் தெரியாது. ஆனால் உள்ளே உள்ள நுண்ணிய பாகங்களைக் கெடுத்து விடும். இரும்பைத் தொட்டால் அது இறங்கி விடும்.

பெரிய பச்சை அல்லது கறுப்புப் பலகையில் நாணயம் போன்ற பேட்டரி பளிச்சென்று தெரியும். எழுத்து உள்ள பக்கம் எந்தப் பக்கமாக இருக்கிறது என்று பார்த்துக் கொள்ளுங்கள். பக்கத்தில் உள்ள சிறு கொக்கியை மெதுவாகத் தள்ளினால் பேட்டரி எழும்பி வரும். புதியதை அதே பக்கமாக வைத்து அழுத்துங்கள். முதல் முறை போடும்போது கறுப்புத் திரையில் ஏதாவது எழுதி, எஃப்1 பொத்தானை அழுத்தச் சொல்லும். அழுத்துங்கள். பயம் வேண்டாம். தேதியை ஒரு முறை சரி செய்யுங்கள். அன்று இரவு சுவர் சுவிட்சை அணைத்து விட்டு, காலையில் தேதியைப் பாருங்கள்.

கழற்றிய பழைய பேட்டரியை மேஜை மேல் வைக்காதீர்கள். வீட்டில் சிறு குழந்தை இருந்தால் இது மிகவும் முக்கியம். பளபளப்பாக இருப்பதால் குழந்தை எடுத்து வாயில் போட்டுக் கொள்ளும். ஓய்ந்த பேட்டரியிலும் சிறிது சக்தி மிச்சம் இருக்கும். அது தொண்டைக் குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே வெந்து புண்ணாகி விடும். உயிருக்கே ஆபத்து. விழுங்கியதாகச் சந்தேகம் வந்தால்கூட உடனே எக்ஸ்ரே வசதி உள்ள மருத்துவமனைக்குத் தூக்கிக் கொண்டு ஓட வேண்டும். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. தானாக வெளியே வரட்டும் என்று காத்திருக்கவும் கூடாது.

பழைய பேட்டரியின் இரண்டு பக்கமும் படும்படி ஒட்டும் டேப்பைச் சுற்றி, எட்டாத உயரத்தில் வையுங்கள். குப்பைத் தொட்டியில் போட வேண்டாம். பழைய பேட்டரிகளைத் திரும்ப வாங்குவது பேட்டரி நிறுவனங்களின் பொறுப்பு என்று 2022ஆம் ஆண்டு மத்திய அரசு விதி செய்திருக்கிறது. அடுத்த முறை கடைப் பக்கம் போகும்போது அங்கே வாங்கிக் கொள்கிறார்களா என்று கேட்டுக் கொடுத்து விடலாம்.